பெறுநர்

துறைமுகத்தில் இருபத்திமூன்று வருசம்
சரக்கு விடுவிக்கிற வேலை எனக்கு.
பால்மா, டயர், மைசூர்ப் பருப்பு,
ஒருமுறை சர்க்கஸ் ஒன்றின் கூடாரம்.
கப்பல் வந்தால் சரக்கு வந்ததாகாது.
பெறுநர் கை வைக்கும்வரை
என் கணக்கில் அது கடலில்தான்.

ஆகவே மகரகமவில் டொக்டர் நுஸ்லா
கடதாசியில் ஒரு வட்டம் கீறி
இது கொழுப்புக் குமிழி, உள்ளே மருந்து என்றபோது
உடனே விளங்கியது:
கொன்டெய்னர்.

எத்தனை அடி என்று கேட்டேன்.
சிரித்தா.
ஒரு தலைமயிரின் அகலத்துக்குள்
எண்ணூறை வரிசையாய் நிறுத்தலாமாம்.

வட்டத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டி இழைகள் கீறினா.
அது போர்வை.
இரத்தத்தில் ரோந்து திரிகிற அணுக்களுக்கு
இது ஆரென்று பிடிபடாது,
தண்ணி என்று நினைத்து விட்டுவிடும்.

அதுவும் விளங்கியது.
ஆமர் வீதிச் சந்தியில் பஸ்ஸை மறித்த காலத்தில்
பொட்டைக் கழற்றிக்
கைப்பையின் உள்மடிப்பில் ஒட்டிவிட்டு
இரண்டு சிங்களச் சொல்லை
வாயில் அதக்கிக்கொண்டு நிற்பேன்.
பெயரை என்ன செய்வது?
கமலலோஜினி.
அடையாள அட்டையில் அப்பாவின் பெயரோடு இரண்டு வரி.
குமிழிக்குப் பெயர் இல்லை. கொடுத்துவைத்தது.

பிறகு கட்டியைப் பற்றிச் சொன்னா.
தனக்கு வேண்டிய இரத்தக் குழாயைத்
தானே இழுத்துக்கொள்ளுமாம்.
மாநகரசபையிடம் கேளாமல் எழுப்பின மேல்மாடி மாதிரி
அவசர வேலை, சுவரெல்லாம் வெடிப்பு,
பூச்சுக் காய முதல் குடிவந்துவிடும்.
அந்த வெடிப்புக்குள்ளால்தான் குமிழி நுழையவேணும்.
ஒழுங்காய்க் கட்டின குழாய் விடாது.

எல்லாம் போய்ச் சேருமா?

பேனையை மூடினா.
கனக்க ஈரலும் மண்ணீரலும் மறித்துக்கொள்ளும் அம்மா.
நூற்றில் ஒன்று போனாலே
பெரிய விசயம்.

நூறு பெட்டியில் ஒன்றைக் கொடுத்துவிட்டு
பெரிய விசயம் என்று நான் சொல்லியிருந்தால்
முதலாளி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.
அதை அவவிடம் சொல்லவில்லை.
காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மருந்து சிவப்பு.
போன வருச மருந்தும் சிவப்புத்தான்,
அது தலைமயிரைக் கொண்டுபோனது.
இது கொஞ்சம் கலங்கல்,
சர்பத்தில் ஒரு கரண்டி பால் விட்ட மாதிரி.
தாதி நிலூஷா என் பெயரை
எழுத்து எழுத்தாய்க் கூட்டி
இரண்டுதரம் வாசித்துச் சரிபார்த்துத்
திருகைத் திறந்தாள்.
ஒன்றரை மணித்தியாலம்
சொட்டுச் சொட்டாய்க் கப்பல்கள் இறங்க
நான் துறைமுகமாய்க் கிடந்தேன்,
முதன்முறையாக
வேலை ஒன்றும் செய்யாமல்.

மூன்றாம் சுற்றோடு உள்ளங்கை சிவந்தது.
நூற்று முப்பத்தெட்டாம் நம்பர் பஸ்ஸில்
பக்கத்துச் சீற்காரி மருதோண்டியோ என்றாள்,
ஆருக்குக் கல்யாணம் என்றாள்.
மகனுக்கு என்றேன். எனக்கு மகன் இல்லை.
வழி தவறின சரக்குக் கையிலும் காலிலும் கசிகிறதாம்.
தோல் வெங்காயச் சருகாய்
உரியத் தொடங்கியது.

திங்கட்கிழமை, துறைமுக வாசல்.
மெசினில் பெருவிரலை வைத்தேன். சிவப்பு வெளிச்சம்.
மற்றக் கை. சிவப்பு.
சேலையில் துடைத்து, ஊதி, திரும்பவும்.
சிவப்பு.
ரேகை இல்லை.
இருபத்திமூன்று வருசம் தெரிந்த வாசலுக்கு
இப்போது நான் ஆரென்று தெரியாது.
போர்வை ஒன்றும் போர்க்காமலே.

பின்னால் லொறிகள் ஹோர்ன் அடித்தன.
காவலுக்கு நின்ற பொடியன்
கையைப் பார்த்தான்,
தலையில் கட்டின துணியைப் பார்த்தான்,
ஒன்றும் கேட்கவில்லை.
பார்வையாளர் கொப்பியை இழுத்து
என் அட்டையைப் பார்த்துச் சிங்களத்தில் எழுதினான்,
ஓரெழுத்துக் குறைய.

திருத்த நேரமில்லை.
உள்ளே ஒரு குளிர்க் கொன்டெய்னர்
வெயிலுக்குள் நின்றது,
மின்சாரம் கொடுக்காமல்,
யாரும் வந்து கை வைக்காமல்.